மார்ச்சிங் பேண்ட் போட்டி: பெற்றோர் கேட்டவையும் என் பதில்களும்

டெக்சஸில் பள்ளிகளின் மார்ச்சிங் பேண்ட், அதாவது மைதானத்தில் நடந்துகொண்டே வாசிக்கும் இசைக்குழு, சீசன் தொடங்கிவிட்டது. பிள்ளையை முதல்முறையாகச் சேர்த்திருக்கும் பெற்றோர் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். என் பிள்ளைகள் இருவரும் பேண்டில் இருந்தவர்கள். நான் பூஸ்டர் கிளப்பில், அதாவது பேண்டுக்கு உதவும் பெற்றோர் குழுவில், சீருடை வேலையும் ப்ராப் (மைதானத்தில் வைக்கும் காட்சிப் பொருட்கள்) தள்ளும் வேலையும் பார்த்தவள்.

அக்கா, ஃபுட்பால் ஆட்டத்தின் இடைவேளையில் வாசிப்பதுதானே இது? இதில் போட்டி எங்கே வந்தது?

வெள்ளிக்கிழமை இரவு ஃபுட்பாலுக்காக வாசிக்கும் அதே ஷோதான் சனிக்கிழமை போட்டிக்குப் போகும். ஏழெட்டு நிமிட நிகழ்ச்சி. ஆகஸ்ட் வெயிலில் கற்கத் தொடங்கி, நவம்பர் வரை அதையே வாரா வாரம் திருத்திக்கொண்டே இருப்பார்கள். பள்ளி பேண்டுகளுக்குத் தேசிய அளவில் போட்டி வைப்பது 1923-லேயே சிகாகோவில் நடந்திருக்கிறது. வாத்தியம் தயாரிக்கும் கம்பெனிகள்தான் அதற்குப் பணம் போட்டன. இன்றைய மைதான வடிவத்தில் டிரம் கோர் குழுக்களின், அதாவது பித்தளை ஊதுகருவிகளும் டிரம்மும் கொண்டு அணிவகுக்கும் குழுக்களின், தாக்கம் அதிகம்.

எங்கள் பேண்டுக்கு "டிவிஷன் ஒன்" கிடைத்தது. பக்கத்துப் பள்ளிக்கும் அதேதான். அப்படியென்றால் யார் ஜெயித்தது?

இருவருமே. டெக்சஸில் இந்தப் போட்டிகளை நடத்துவது யூஐஎல் என்ற அமைப்பு. முதல் கட்டமான ரீஜன் போட்டியில் ஒன்று முதல் ஐந்து வரை தரம் மட்டும்தான். ஒன்று என்றால் மிகச் சிறப்பு. வந்த எல்லாப் பள்ளிகளுமே ஒன்று வாங்கலாம். அடுத்து ஏரியா, அதற்கடுத்து சான் அன்டோனியோ அலமோடோமில் மாநிலப் போட்டி. இந்த இரண்டிலும்தான் வரிசை பார்ப்பார்கள். இசைக்கு மூன்று ஜட்ஜ், அணிவகுப்புக்கு இரண்டு. ஒவ்வொருவரும் கொடுத்த இடத்தைக் கூட்டுவார்கள். கூட்டுத்தொகை குறைந்தவர் முன்னால். ஒரு பேண்டுக்கு 1, 1, 3, 7, 6 என்று வந்தால் மொத்தம் 18. இன்னொன்றுக்கு 3, 2, 2, 3, 2 என்றால் 12. யாரிடமும் முதலிடம் வாங்காத இரண்டாவது பேண்டுதான் மேலே போகும். நம் பெற்றோர் கொதிப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

பேண்ட்ஸ் ஆஃப் அமெரிக்கா போட்டியில் மட்டும் நூற்றுக்கு மார்க் போடுகிறார்களே, அந்தக் கணக்கு என்ன?

அது நாடு தழுவிய தனி அமைப்பு. அதன் இறுதிப் போட்டி இண்டியானாபொலிஸில், லூகாஸ் ஆயில் ஸ்டேடியத்தில் நடக்கும். கடைசிச் சனிக்கிழமை இரவு பன்னிரண்டு பேண்டுகள் மோதும். நூறு மார்க்கில் இசையை வாசித்த துல்லியத்துக்கு 20, நடந்த துல்லியத்துக்கு 20. மீதி 60-ம் "ஜெனரல் எஃபெக்ட்", அதாவது ஷோ பார்ப்பவரை எந்த அளவு கட்டிப்போட்டது என்பதற்கு. இதில் இசைக்கு 40, காட்சிக்கு 20. ஒரு பிசிறும் இல்லாமல் வாசித்தும் பின்தங்கிவிட்டோமே என்று பலர் வருந்துவதற்குக் காரணம் இந்த 60. ஷோவை வடிவமைப்பவருக்குப் பள்ளிகள் ஏன் இவ்வளவு செலவழிக்கின்றன என்பதும் இதிலிருந்து புரியும். பணமுள்ள பள்ளிக்கு இது சாதகம்தான், எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஆனாலும் மைதானம் முழுக்க ப்ராப் வைத்துவிட்டு ஒலியில் சரியும் ஷோவை ஜட்ஜுகள் கண்டுபிடித்துவிடுவார்கள். மொத்த மார்க்கை விட்டுவிட்டு, பிரித்துப் போட்ட மார்க் தாளைப் பாருங்கள். உங்கள் பிள்ளைகள் எந்தப் பக்கம் வளர்ந்தார்கள் என்பது அதில்தான் தெரியும்.

ஒரு ஜட்ஜ் மைதானத்துக்குள்ளேயே நடந்துகொண்டு ஏதோ பேசுகிறார். பிள்ளைகளுக்குத் தொந்தரவு இல்லையா?

பழகிவிடுவார்கள். அவர் ஒலிப்பதிவுக்குப் பேசுகிறார்; தனித்தனி வாசிப்பை அருகிலிருந்து கேட்பது அவர் வேலை. அந்தப் பதிவை வைத்துத்தான் அடுத்த வாரப் பயிற்சியைத் திட்டமிடுவார்கள். ஒரு காலத்தில் டிரம் கோர் போட்டிகளில் பிழைக்குப் பத்தில் ஒரு மார்க் வீதம் கழித்துக்கொண்டே போவார்கள். 1984-ல் அதைக் கைவிட்டு, செய்ததற்கு மார்க் ஏற்றும் முறைக்கு வந்தார்கள். நல்ல மாற்றம். கழிக்கிற முறை இருக்கும்வரை கடினமான இசையை எடுக்கவே யோசித்தார்கள்.

என் மகன் "முன்னால் கேட்காதே, பின்னால் கேள்" என்று வாத்தியார் திட்டுகிறார் என்கிறான். புரியவில்லை.

பேண்ட் வித்தையின் உயிரே இதுதான், கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். மைதானத்தின் அகலம் 160 அடி, சுமார் 49 மீட்டர். ஒலி அந்தத் தூரத்தைக் கடக்க 0.14 விநாடி ஆகும். நிமிடத்துக்கு 180 தாள அடி என்ற வேகத்தில் ஒரு தாள அடிக்கே 0.33 விநாடிதான். முன்னால் வாசிப்பதைக் காதால் கேட்டு, பின்வரிசையில் நிற்பவன் அதோடு சேர்ந்து ஊதினால், அவனுக்கு வந்து சேரும்போதே கிட்டத்தட்ட அரைத் தாள அடி தாமதம். அவன் ஒலி திரும்ப முன்னால் வர இன்னொரு 0.14. பார்வையாளர் காதில் ஏறக்குறைய ஒரு தாள அடி பிந்தி விழும்.

அதனால் தாளத்தின் ஊற்றைப் பின்னால் வைக்கிறார்கள். பெரும்பாலும் டிரம்லைன் (டிரம் வாசிப்பவர்களின் வரிசை) நடுவில் பின்னால் நிற்கும். முன்னால் நின்று பேண்டை வழிநடத்தும் டிரம் மேஜர் அவர்களின் பாதங்களைப் பார்த்துக் கை வீசுவார். பின்னால் இருப்பவர்கள் அந்தக் கையைப் பார்த்து வாசிப்பார்கள். முன்னால் இருப்பவர்கள் பின்னிருந்து வரும் ஒலி தங்களைக் கடக்கும் நொடியில் சேர்ந்துகொள்வார்கள். எல்லாம் ஒன்றாகப் புறப்பட்டு நம் காதுக்கு வரும். காதை நம்பி வளர்ந்த பிள்ளைக்கு, இந்த இடத்தில் கண்ணை நம்பு என்று சொல்லித் தருவது மிகக் கடினம். வாத்தியார் திட்டுவதில் நியாயம் இருக்கிறது.

என் மகள் "பிட்"டில் இருக்கிறாள், நடக்கவே இல்லை. திறமை குறைவென்று ஒதுக்கிவிட்டார்களா?

இல்லவே இல்லை. மைதானத்தின் முன் ஓரத்தில் மரிம்பா, வைப்ரஃபோன், சிந்தசைசர் எல்லாம் இருக்கும் இடம் அது. மேலே சொன்னதை நினைத்துப் பாருங்கள்: பின்னால் நடப்பதைப் பார்க்காமல் கேட்டே சேர வேண்டியவர்கள் அவர்கள்.

கணக்கில் மார்க் குறைந்தால் பேண்டிலிருந்து நிறுத்திவிடுவார்களா?

70-க்குக் கீழே போனால் போட்டிக்குத் தகுதி போய்விடும். குறைந்தது மூன்று வாரம். மைதானத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் "டாட்" என்று குறித்த இடம் உண்டு, ஐந்து கஜத்துக்கு எட்டு காலடி வீதம் எண்ணி அங்கே போய்ச் சேர வேண்டும். ஒருவர் இல்லாவிட்டால் அந்த இடம் ஓட்டையாகவே தெரியும். ஆகவே பேண்ட் நண்பர்களே சேர்ந்து உட்கார்ந்து பாடம் சொல்லித் தருவதைப் பார்ப்பீர்கள்.

பயிற்சிக்கு இரவு எட்டு மணிவரை வைத்துக்கொள்கிறார்களே?

பள்ளி நேரத்துக்கு வெளியே வாரத்துக்கு எட்டு மணி நேரம்தான் யூஐஎல் அனுமதி. டெக்சஸில் மார்ச்சிங் பேண்டை உடற்கல்விக்கு ஈடாகவும் கணக்கில் எடுப்பார்கள், கவுன்சலரிடம் கேட்டுவிடுங்கள்.

முதல் போட்டிக்கு வருகிறோம். எங்கே உட்கார?

நடுக்கோட்டுக்கு நேராக, முடிந்தவரை உயரத்தில். பெரும்பாலான ஜட்ஜுகள் மேலே இருந்துதான் பார்க்கிறார்கள், வடிவங்களும் அங்கிருந்துதான் தெரியும். பிள்ளையை மட்டும் படம் எடுக்கக் கீழே வர வேண்டுமானால், அடுத்த வாரம் வாருங்கள்.