என் வீட்டுக் கதையை யார் படிப்பார்கள்?

கேள்வி: மறதி நோய்க்கு ஆளான என் தாயாரை ஆறு ஆண்டுகளாக வீட்டில் வைத்துக் கவனித்து வருகிறேன். இதே நிலையில் இருப்பவர்கள் 'நமக்கு மட்டும்தான் இப்படியா' என்று நொந்துபோகாமல் இருக்கத் தன்னனுபவக் கட்டுரைகள் எழுத விரும்புகிறேன். பெயர் பெற்றவள் அல்லாத என் வீட்டுக் கதையை யார் படிப்பார்கள்? எழுதிய இரண்டு பக்கங்களை இணைத்துள்ளேன்.
– ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: இரண்டு பக்கங்களையும் இருமுறை படித்தேன். மாலை நான்கு மணியானதும் அம்மா சாவிக்கொத்தை முந்தானையில் முடிந்துகொண்டு, தாம் நாற்பது ஆண்டுகளாக வாழ்ந்துவரும் வீட்டின் வாசலிலேயே நின்று, "எங்க வீட்டுக்குப் போகணும், நேரமாச்சு" என்று சொல்வதை ஒரே வரியில் எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே "இத்தகைய நோயாளிகளிடம் நாம் பொறுமையுடன் நடந்துகொள்ள வேண்டும்" என்று அறிவுரைக்குப் போய்விடுகிறீர்கள். அந்த வாசலை விட்டு ஏன் இவ்வளவு விரைவாக நகர்ந்தீர்கள்? அப்போது நீங்கள் என்ன சொன்னீர்கள், தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்களா, சாவியைப் பிடுங்கினீர்களா, பிடுங்கியபோது அவர் முகம் எப்படி இருந்தது என்பவைதாம் உங்கள் கட்டுரை. பொறுமையாக இருக்கச் சொல்ல மருத்துவரும் உறவினர்களும் இருக்கிறார்கள். பொறுமை இழந்து கத்திவிட்டு, இரவெல்லாம் தூக்கம் வராமல் படுத்திருந்ததைச் சொல்லத்தான் ஆள் இல்லை. எங்கோ ஒரு ஊரில் அதே போலப் படுத்திருக்கும் இன்னொரு மகளுக்கு அந்தப் பக்கம்தான் துணையாக இருக்கும்.

பெயர் பெறாததைப் பற்றிக் கவலைப்பட்டிருக்கிறீர்கள். உ.வே. சாமிநாதையர் 1940 முதல் ஆனந்த விகடனில் தம் வரலாற்றைத் தொடராக எழுதியபோது தமிழுலகம் போற்றும் அறிஞராக இருந்தார். ஆயினும் 1880இல் கும்பகோணத்தில் முன்சீப்பாக (நீதிபதியாக) இருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்தித்ததைச் சொல்லும்போது, தாம் படித்த அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் பெருமையோடு அடுக்கியதையும், சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று அவர் கேட்டபோது அந்நூலைத் தாம் அதுவரை படித்ததே இல்லை என்பதையும் மறைக்காமல் எழுதினார். இன்று படிக்கும்போதும் அவர் நம் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போலத் தோன்றுவதற்கு, அவருடைய பெயரைவிட அந்த ஒளிவுமறைவின்மையே காரணம் என்பேன்.

ஒன்றில் மட்டும் மிகுந்த கவனம் வேண்டும். அம்மாவால் இப்போது சம்மதம் சொல்ல இயலாது. குளிப்பாட்டுவது, உடை மாற்றுவது போன்றவற்றில், நினைவோடு இருந்தால் எதை வெளியில் சொல்ல அவர் ஒப்பியிருக்க மாட்டாரோ அதை எழுதாதீர்கள். உங்கள் கோபமும் களைப்பும் உங்களுடையவை; அவற்றை எவ்வளவு வேண்டுமானாலும் எழுதலாம். அச்சுக்கு அனுப்பும் முன் உடன்பிறந்தவர்களிடம் படிக்கக் கொடுங்கள்.

'நாம்' என்று வரும் இடங்களையெல்லாம் 'நான்' என்று மாற்றிப் பாருங்கள். அறிவுரையில் பாதி தானாக உதிர்ந்துவிடும். பிறகு அந்த நான்கு மணியை மட்டும் வைத்து மூன்று பக்கம் எழுதி அனுப்புங்கள். படிக்கக் காத்திருக்கிறேன்.