பித்தப்பைக் கல்லுக்கு அறுவை, அறிக்கையில் அரிய வகைப் புற்று: அடுத்து என்ன?

கேள்வி: முக்கூடலில் பீடி சுற்றும் என் அம்மாவுக்கு வயது 58. கல் இருப்பதாகச் சொல்லி, பாளையங்கோட்டையில் லேப்ராஸ்கோப்பி மூலம் பித்தப்பையை எடுத்தார்கள். பயாப்ஸியில் ‘நியூரோஎண்டோகிரைன் கார்சினோமா’ என்று வந்திருக்கிறது. மிக அரிதானதாம். உடனே கீமோ தொடங்கலாமா, சென்னைக்கு அழைத்துச் செல்லவேண்டுமா?

பதில்: அம்மாவுக்கு முன்னால் அவருடைய திசு பயணப்படட்டும். பித்தப்பைப் புற்றுகளில் மிகப் பெரும்பாலானவை அடினோகார்சினோமா, அதாவது சுரப்பிச் செல்களில் தோன்றும் புற்று. நீங்கள் எழுதியிருக்கும், ஹார்மோன் சுரக்கும் செல்களின் இயல்புள்ள வகையை அனுபவமுள்ள நோயியல் மருத்துவர்களே எப்போதாவதுதான் பார்க்கிறார்கள். திசுவை வேறொரு நோயியல் மருத்துவருக்கு அனுப்பி மறுபார்வை கேட்டால் யாரும் தவறாக நினைக்கமாட்டார்கள்.

இன்றே ஆய்வகத்தை அழைத்து, திசு கெடாமல் காக்கும் ஃபார்மலின் திரவத்தில் மீதமுள்ள பித்தப்பையை அப்புறப்படுத்த வேண்டாம் என்று சொல்லுங்கள். குறிப்பிட்ட நாள்களுக்குப் பிறகு அதை அழித்துவிடுவது வழக்கம். இந்தப் புற்றுடன் அடினோகார்சினோமாவும் கலந்திருப்பது பித்தப்பையில் அடிக்கடி நடக்கிறது. கூடுதல் துண்டுகள் எடுத்துப் பார்த்தால்தான் அது தெரியும். பிறகு கண்ணாடி ஸ்லைடுகளையும் பாரஃபின் பிளாக்குகளையும் கையெழுத்திட்டு வாங்குங்கள். பிளாக் என்பது தீப்பெட்டியைவிடச் சிறிய பிளாஸ்டிக் கூடு. அதில் உறைந்த மெழுகுக்குள் திசு இருக்கும். நம் ஊர் வெயிலில், மூடிய காருக்குள் அதை விட்டுவிடாதீர்கள், மெழுகு இளகிவிடும்.

மறுபார்வையில் சினாப்டோஃபைசின், குரோமோகிரானின், கேஐ-67 ஆகிய சோதனைகள் இருக்கவேண்டும். முதல் இரண்டும் இது நியூரோஎண்டோகிரைன் வகைதானா என்று காட்டும். செல்கள் பெருகும் வேகத்தைக் காட்டுவது கேஐ-67. அதையும் செல்களின் அமைப்பையும் சேர்த்துப் பார்த்தே, மெதுவாக வளரும் கட்டியா, வேகமாகப் பரவும் கார்சினோமாவா என்று முடிவு செய்வார்கள். இரண்டுக்கும் சிகிச்சை வேறு. வேகமான வகைக்கு எட்டோபோசைடுடன் சிஸ்பிளாட்டின் அல்லது கார்போபிளாட்டின் கொடுப்பார்கள். அடினோகார்சினோமா என்றால் அறுவைக்குப் பின் கேப்சிடபின், முற்றிய நிலையில் ஜெம்சிடபினும் சிஸ்பிளாட்டினும். பெயர் மாறினால் மருந்தே மாறிவிடும் என்பதால்தான் இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

அதே நேரத்தில், புற்று வேறெங்கும் பரவியிருக்கிறதா என்று காட்டும் பெட் சிடி ஸ்கேன் எடுத்துவிடுங்கள். வேகமான வகை கல்லீரலுக்கும் நிணநீர்க் கணுக்களுக்கும் சீக்கிரமே பரவக்கூடியது. இதை உங்களிடம் மறைப்பது நியாயமில்லை. ஆகவே மறுபார்வை ஓரிரு வாரத்துக்குள் முடியவேண்டும். பரவவில்லை என்றால், பித்தப்பை ஒட்டியிருந்த கல்லீரல் பகுதியையும் கணுக்களையும் எடுக்கும் இரண்டாவது அறுவை பற்றி, கல்லீரல் அறுவையில் பழகிய நிபுணரிடம் கேளுங்கள். முதல் அறுவையின்போது பித்தநீர் சிந்தியதா, பித்தப்பையைப் பைக்குள் வைத்து வெளியே எடுத்தார்களா என்று அவர் கேட்பார். அறுவைக் குறிப்பின் நகல் கையில் இருக்கட்டும்.

இடையில் கண் மஞ்சளானால் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்துவிட்டுக் காத்திருக்காதீர்கள். பித்தக்குழாய் அடைபட்டிருக்கலாம். அடைப்பைத் திறந்துவைக்கும் சிறு குழாயான ஸ்டென்ட் வைத்து மஞ்சளைக் குறைக்காமல் பெரும்பாலான கீமோ மருந்துகளைப் பாதுகாப்பாகக் கொடுக்க இயலாது.

இரண்டாம் அறுவை தேவைப்பட்டால் சென்னைப் பயணம் பொருளுள்ளது. எட்டோபோசைடு கீமோ பொதுவாக 21 நாள்களுக்கு ஒருமுறை, தொடர்ந்து மூன்று நாள் ஏற்றப்படுவது. அதற்காக அம்மாவை ஒவ்வொரு முறையும் ரயிலேற்றவேண்டாம். திட்டத்தை எழுதி வாங்கிக்கொண்டு நெல்லையிலேயே கொடுக்கலாம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால், முதல் கீமோவுக்கு முன்பே மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் காட்டி ஒப்புதல் பெற்றுவிடுங்கள்.