மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் மனநிலை பிறழ்ந்தது போர்ஃபிரியா நோயாலா?

பிரிட்டனின் மூன்றாம் ஜார்ஜைப் பற்றி அப்படித்தான் நெடுநாள் சொல்லி வந்தார்கள்; இன்று அந்த முடிவு ஆட்டம் கண்டிருக்கிறது. போர்ஃபிரியா என்பது ரத்தத்துக்குச் சிவப்பு தரும் பொருளை உடல் உருவாக்குவதில் ஏற்படும் கோளாறு; அது நரம்புகளையும் மனநிலையையும் பாதிக்கலாம். 1966-இல் ஐடா மெக்கால்பைன், ரிச்சர்ட் ஹன்டர் என்ற தாயும் மகனுமான மனநல மருத்துவர்கள், அரண்மனை மருத்துவர்களின் குறிப்புகளைப் புரட்டி, வயிற்றுவலி, கைகால் தளர்ச்சி, நிறம் மாறிய சிறுநீர் இவற்றைக் கொண்டு போர்ஃபிரியா என்றார்கள். 2005-இல் மன்னரின் தலைமுடியைச் சோதித்தால் ஆர்செனிக் என்ற நச்சு ஏகப்பட்டது! சதி எதுவும் இல்லை; அவருக்குக் கொடுத்த ஆன்டிமனி என்ற தனிமம் சேர்ந்த மருந்தில் அது கலந்திருக்கலாம் என்றார்கள். மருந்தே நோயைக் கிளறிவிட்டதோ என்னவோ.

ஆனால் சிறுநீர் நீலமானதற்கு அவர் குடித்த ஜென்டியன் மூலிகை மருந்தே காரணமாக இருக்கலாம் என்று பின்னர் வந்த ஆய்வாளர்கள் மறுத்தார்கள். மன்னர் மணிக்கணக்கில் ஓயாமல் பேசியதைப் பார்த்தால், மிகை எழுச்சியும் ஆழ்ந்த சோர்வும் மாறி மாறி வரும் இருதுருவ மனநோய் என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. 1820-இல், 81 வயதில் வின்ட்சரில் இறக்கும்போது கண்பார்வையும் போயிருந்தது.