எல்லாம் நடக்கிறது, உள்ளம் மட்டும் அசையவில்லை

கேள்வி: பாறசாலைக்கு அருகே ஒரு சபையில் ஆறு ஆண்டுகளாகச் செயலராக இருக்கிறேன். எங்கள் ஆலயத்தில் முதலில் தமிழ் ஆராதனையும் பிறகு மலையாள ஆராதனையும் நடைபெறுகின்றன. புதிய ஆலயத்தைக் கடனின்றிக் கட்டி முடித்தோம்; அறுப்பின் பண்டிகை ஏலத்தொகை ஆண்டுதோறும் கூடுகிறது; கன்வென்ஷன் என்னும் நற்செய்திக் கூட்டங்களும் தடையின்றி நடக்கின்றன. ஆனால் பிரசங்கம் எதுவும் என் மனதைத் தொடுவதில்லை. வீட்டில் குடும்ப ஜெபம் எப்போதோ நின்றுவிட்டது. "யாருக்காவது நோய் வந்தால்தான் ஜெபிப்போமா அப்பா?" என்று மகள் கேட்டதிலிருந்து நிம்மதியில்லை. நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: அன்புள்ள சகோதரருக்கு, மகளின் கேள்வி உங்கள் நிம்மதியைக் குலைத்தது நல்லதே, மெத்தனம் முற்றிய மனதை அப்படிப்பட்ட கேள்வி தொடுவதில்லை. பிரசங்கம் மனதைத் தொடவில்லை என்பதைப் பற்றி நான் அதிகம் கவலைப்படவில்லை. உடல் களைப்பும் வயதும் துக்கமும் உணர்ச்சியைக் கூட்டும், குறைக்கும். அதை வைத்து விசுவாசத்தை அளக்க முடியாது. என்னைக் கவலைப்படுத்துவது வேறொன்று. ஆலயம், ஏலம், கன்வென்ஷன் எல்லாம் இடம்பெற்ற உங்கள் கடிதத்தில், உங்கள் மகளைத் தவிர ஒரு மனிதர்கூட இல்லை. சபையில் யார் படுக்கையில் இருக்கிறார், யார் வராமல் போனார், யாருடைய வீட்டில் பேச்சுவார்த்தை நின்றுபோனது என்பதைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

வேதாகமத்தின் கடைசி நூலான வெளிப்படுத்தின விசேஷத்தின் மூன்றாம் அதிகாரத்தில் கண்டிக்கப்படும் லவோதிக்கேயா சபையின் நோயும் இதுவே. கி.பி. 60-இல் நிலநடுக்கத்தால் இடிந்த அந்த நகரம், ரோம அரசின் உதவி இல்லாமல் தன் சொந்தச் செல்வத்தாலேயே மீண்டும் எழுந்தது என்று ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதியிருக்கிறார். ஊருக்கு இருந்த அந்த மனநிலையே சபைக்கும் வந்துவிட்டது. "எனக்கு ஒரு குறைவுமில்லை" என்று அது சொல்லிக்கொண்டது. அந்தச் சபையின்மேல் கள்ளப்போதகம் என்ற குற்றச்சாட்டு இல்லை, உபத்திரவத்தில் மறுதலித்தது என்ற குற்றச்சாட்டும் இல்லை. ஆண்டவர் வாசற்படியில் நின்று கதவைத் தட்ட வேண்டிய அளவுக்கு எல்லாம் நிறைவாக இருந்தது என்பதே அங்கே குற்றம்.

நம் பகுதியில் இந்த நிறைவு இன்னொரு வழியாகவும் வருகிறது. 1806-இல் ஜெர்மானிய மிஷனரி ரிங்கல்தௌபே திருவிதாங்கூருக்கு வந்ததையும், மயிலாடியில் மகராசன் வேதமாணிக்கம் சபைக்கு வித்திட்டதையும், மேலாடை அணியும் உரிமைக்காக நம் முன்னோர் அடியும் அவமானமும் பட்டு 1859-இல் அரசு அறிவிப்பைப் பெற்றதையும் பெருமையோடு சொல்கிறோம். சொல்லவேண்டியதுதான். ஆனால் அவர்கள் விலைகொடுத்துப் பெற்ற விசுவாசம் நமக்குத் பரம்பரைக் குடும்பச் சொத்தைப்போலப் பிறப்பிலேயே கிடைத்துவிட்டதால், அதற்காக நாம் எதையும் இழக்க வேண்டியிருக்கவில்லை. ஒவ்வொரு வேளையும் உலை வைக்கும்போது ஆலயத்துக்கென்று ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்துவைத்த நம் பாட்டிமாரின் வழக்கத்தை எண்ணிப் பாருங்கள். இன்று மாதச் சந்தாவாக அதைவிடப் பலமடங்கு கொடுக்கிறோம், அது தவறல்ல. ஆயினும் அரிசிப் பானைக்குள் கை போகும்போதெல்லாம் ஆண்டவர் நினைவுக்கு வந்த அந்தப் பழக்கத்துக்கு ஈடாக நம் அன்றாடத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

அதே வெளிப்படுத்தின விசேஷத்தில் எபேசு சபைக்குச் சொல்லப்பட்ட மருந்து, விழுந்த இடத்தை நினைத்து, மனந்திரும்பி, ஆதியில் செய்த கிரியைகளைச் செய்வது. உணர்ச்சி திரும்பும்வரை காத்திருக்கும்படி அங்கே சொல்லப்படவில்லை. ஆகவே இன்றிரவே குடும்ப ஜெபத்தைத் தொடங்குங்கள். நீளம் வேண்டாம்: ஒரு சங்கீதம், ஒரு பாட்டு, பெயர் சொல்லி ஒருவருக்காக ஒரு விண்ணப்பம். தொடங்குவதற்கு முன், அது நின்றுபோனது உங்களால்தான் என்று மகளிடம் சொல்லிவிடுங்கள். பிள்ளைகள் முன் தகப்பன் சொல்லும் அந்த ஒரு வாக்கியத்துக்குப் பல பிரசங்கங்களின் பலம் உண்டு.

அடுத்து, சபைப் பதிவேட்டை எடுத்து, வராமல் நின்றுபோன குடும்பங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். வாரம் ஒரு வீட்டுக்குப் போங்கள், ஆனால் ரசீதுப் புத்தகத்தைக் கொண்டுபோகாதீர்கள். செயலர் வருகிறார் என்றதும் நன்கொடைக்குத்தான் என்று நினைத்துப் பழகியவர்கள், நீங்கள் எதையும் கேட்காமல் உட்கார்ந்திருப்பதை முதலில் நம்பமாட்டார்கள். இரண்டாம் முறையும் போங்கள். மலையாள ஆராதனைக்கு வரும் குடும்பங்களையும் விட்டுவிடாதீர்கள். ஒரே கூரையின்கீழ் ஜெபித்தும் ஒருவர் வீட்டுத் துக்கம் மற்றவருக்குத் தெரியாத நிலை இருந்தால், அதுவும் மெத்தனத்தின் அடையாளமே.

பதவியை உடனே ராஜினாமா செய்ய வேண்டாம். அது சில நேரங்களில் மனந்திரும்புதலுக்குப் பதிலாகிவிடுகிறது. எனினும் இந்தக் கடிதத்தில் எனக்கு எழுதியதை உங்கள் போதகரிடம் நேரில் சொல்லுங்கள். சந்திப்புகளுக்கும் வீட்டு ஜெபத்துக்கும் நேரமில்லாதபடி பொறுப்பு உங்களை நெருக்கினால், அடுத்த சபைத் தேர்தலில் போட்டியிடாமல், அந்தப் பணியை இளையவர் ஒருவருக்கு இப்போதிருந்தே கற்றுக்கொடுங்கள்.