ராமர் சீதை போட்ட 1818 காசு உண்மையா? டோக்கன், மெடல் சேர்க்கிறதும் வீட்டில வார்க்கிறதும் எப்பிடித் தொடங்கலாம்?

கேட்டவர் எழுதினது இதுதான்: அம்மம்மாட பெட்டிக்குள்ள ஒரு காசு கிடைச்சது, ஒரு பக்கம் ராமர் பட்டாபிஷேகம், மற்றப் பக்கம் கிழக்கிந்தியக் கம்பெனி 1818 எண்டு இருக்கு, யூடியூப்ல லட்சக்கணக்கில போகும் எண்டு சொல்றாங்க, உண்மையா? அதோட, டோக்கன் மெடல் சேர்க்கிறதை திருகோணமலையில இருந்துகொண்டு பொழுதுபோக்கா செய்யேலுமா, நாங்களே செய்தும் பாக்கலாமா?

நானும் திருகோணமலைதான், கன காலமா இதுக்குள்ளதான் கிடக்கிறன், அதால கொஞ்சம் நீட்டிச் சொல்றன்.

முதல்ல விலைய முடிச்சிடுவம். அது காசு இல்ல தம்பி. கம்பெனி ராமரையோ அனுமாரையோ போட்டு அணாக் காசு அடிச்சதே இல்ல. 1818ல இலங்கையில அணாவும் ஓடல்ல, இங்க இருந்தது றிக்ஸ்டொலரும் ஸ்டைவரும், 1815 எண்டு ஆண்டு போட்ட செப்பு ஸ்டைவர்ல யானை நிக்கும், 1821 வெள்ளி றிக்ஸ்டொலர்லயும் யானைதான். இந்தியாவில பூசையறையில வச்சுக் கும்பிடுறதுக்கெண்டே ராமர் பட்டாபிஷேக வில்லைகள் செய்து வாறாங்க, ராமடங்கா எண்டு பேர், அதில பழசும் இருக்கு புதுசும் இருக்கு. அதே படத்தோட கம்பெனி பேரையும் 1818, 1717, 1616 எண்டு வாய்க்கு வந்த ஆண்டையும் சேத்து அடிச்சது பிறகு ஆரோ பாத்த வேலை. கம்பெனி தொடங்கினது 1600ல, அதுக்குப் பதினாறு வருசத்தில ராமர் படம் போட்டு அணா அடிச்சாங்க எண்டா நம்பேலுமா? லட்சம் தாறன், முதல்ல பதிவுக் காசு போடுங்க எண்டு ஆரும் மெசேஜ் போட்டா ஒரு சதமும் அனுப்பாதீங்க. ஆனா அம்மம்மா கும்பிட்டு வச்சிருந்த சாமான் எண்டா அதை எறியாதீங்க, அது கோயில் டோக்கன் எண்ட வகையில நல்ல ஒரு தொடக்கம்.

இனித்தான் எனக்குப் பிடிச்ச இடம். காசு சேர்க்கிற ஆக்கள் கனபேர் டோக்கனைக் கணக்கெடுக்கிறதில்ல, அரசாங்கம் அடிக்காதது எண்டு தள்ளி வச்சிடுவாங்க. எனக்கு அது பிழையாத்தான் படுது. அரசாங்கக் காசு எல்லார்ட கையிலயும் போகும், டோக்கன் ஒரு குறிப்பிட்ட ஆள்ட கைக்கெண்டே செய்தது. கொழும்பு கோப்பி மில்லுகள்ள கொட்டை பொறுக்கித் துப்புரவாக்கின பொம்பிளையளுக்கு அளவுக்கேத்த மாதிரி டோக்கன் குடுத்து, பிறகு அதை எண்ணித்தான் கூலி குடுத்திருக்காங்க. ஜோர்ஜ் ஸ்டூவர்ட் கம்பெனி, வேகந்த மில், 1843 எண்டு பொறிச்ச டோக்கன் இண்டைக்கும் சேகரிக்கிற ஆக்கள்ட்ட இருக்கு. அந்தக் காலத்தில சில்லறைச் செப்புக்காசு தட்டுப்பாடு, அதால கம்பெனிக்காரனே தன்ட டோக்கனை அடிச்சான். 1869ல கோப்பி இலையில துரு நோய் கண்டது, பிறகு ஒரு பத்துப் பதினைஞ்சு வருசத்தில கோப்பி சரிஞ்சு தேயிலை வந்தது. ரூபா சதக் கணக்கு 1872ல வந்தது. ஒரு சின்ன வில்லைக்குப் பின்னால இவ்வளவு கதை.

எங்கட ஊர்ல இதுக்குச் சமமானது டொக்யார்ட் வில்லை, கப்பல் திருத்திற தளத்து வேலையாக்களுக்குக் குடுத்தது. 1957 வரைக்கும் இங்க இங்கிலீஷ்காரன்ட கடற்படைத் தளம் இருந்தது எல்லாருக்கும் தெரியும், அங்க வேலை செய்த குடும்பங்கள்ல பழைய தகரப் பெட்டியக் கிளறினா சில நேரம் நம்பர் வெட்டின பித்தளை வில்லை வரும். என்ட அப்பப்பாட ஒண்டு என்னட்ட இருக்கு. மேல ஆணியில கொழுவ ஒரு ஓட்டை, அந்த ஓட்டை மேல்பக்கமா தேஞ்சு தேஞ்சு நீண்டு போய்க் கிடக்கு, நாள் தவறாம கொழுவிக் கழட்டினதில வந்த தேய்வு. நம்பர் ஒவ்வொண்டும் தனித்தனிப் பஞ்ச் வச்சுச் சுத்தியலால அடிச்சது, கடைசி இலக்கம் மற்றதுகளை விட ஆழமா இறங்கி கொஞ்சம் சரிஞ்சு நிக்குது. விலை கேட்டா இதுக்கு ஆரும் ஒண்டும் தரமாட்டாங்க. என்ட சேகரிப்பில நான் முதல்ல எடுத்துக் காட்டுறது இதைத்தான்.

ஒல்லாந்தர் காசைப் பற்றியும் சொல்லோணும், எங்கட ஊருக்கெண்டே ஒரு அடையாளம் இருக்கு. 18ஆம் நூற்றாண்டு கடைசிப் பக்கம் அவங்கட கம்பெனி இலங்கையில அடிச்ச தடிச்ச செப்பு ஸ்டைவர்ல, மூண்டு எழுத்துப் பின்னின கம்பெனி முத்திரைக்கு மேல ஒரு தனி எழுத்து இருக்கும், கொழும்புக்கு சி (C), காலிக்கு ஜி (G), எங்களுக்கு ரி (T). பாக்க வடிவில்ல, வட்டம் சரியில்ல, அச்சு பாதி விளிம்புக்கு வெளியில போயிருக்கும், ஆனா ரி எழுத்து தெளிவா விழுந்த ஒண்டைக் கையில எடுத்தா எனக்கு இண்டைக்கும் நெஞ்சு அடிக்கும். ஒரு விசயம் கவனம், 1815 மார்ச் 2க்கு முந்தின சாமான் தொல்பொருள் சட்டத்துக்குள்ள வரும், அனுமதி இல்லாம வெளிநாட்டுக்கு அனுப்பேலாது, கோட்டைப் பக்கம் போய்க் கிண்டவும் கூடாது. ஆரும் கிண்டி எடுத்ததெண்டு கொண்டுவந்தா வாங்காதீங்க.

புதுசாத் தொடங்கிற ஆளுக்கு நான் சொல்றது மத்திய வங்கி 2013 ஆண்டு போட்டு வெளியிட்ட 10 ரூபா மாவட்டக் காசு, 25 மாவட்டத்துக்கும் ஒவ்வொண்டு, திருகோணமலைக்கும் இருக்கு. அதோட 1957 புத்த ஜயந்தி ரூபா, 1976 அணிசேரா மாநாட்டு 2 ரூபாவும் 5 ரூபாவும், இதெல்லாம் கைக்கெட்டின விலைதான்.

எங்கட ஊர்ல பெரிய எதிரி உப்புக்காத்து. செப்பு, பித்தளையில உப்பு ஏறினா வெளிறின பச்சைத் தூள் மாதிரிக் கிளம்பும், சும்மா பழுப்பேறின நிறம் இல்ல அது, உலோகத்தையே தின்னும், ஒண்டில வந்தா அதைத் தனியா எடுத்து வைங்க. பளபளப்பாக்கிறன் எண்டு புளி, தேசிக்காய், பிராசோ ஒண்டும் போட வேண்டாம், குத்துவிளக்குக்கு அது சரி, காசுக்குச் சரியில்ல, மேல்தோல் போனா பெறுமதியும் போச்சு. மெல்லிய பிவிசி பிளாஸ்டிக் உறை கொஞ்ச காலத்தில பச்சையா ஒட்டிப் பிடிக்கும், கடதாசி அட்டை ஹோல்டர் பாவிங்க, இறுக்கமா மூடுற டப்பாக்குள்ள சிலிக்கா ஜெல் பைக்கற்றும் போடுங்க.

இப்ப செய்யிறதுக்கு வருவம். நான் எல்லாரையும் ஒண்டாவது வார்த்துப் பாக்கச் சொல்றதுக்குக் காரணம் இருக்கு, ஒருக்கா உங்கட கையால வார்த்தீங்கண்டா பிறகு எந்தக் காசைப் பாத்தாலும் இது வார்த்ததா அடிச்சதா எண்டு கண் தானாத் தேடும். அந்தக் கண் இருந்தா போலி விக்கிறவன் உங்களை ஏமாத்தேலாது.

அதுக்குத் தேவையான அச்சு எங்கட கடற்கரையில சும்மா கிடக்கு, கணவாய் ஓடு. உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் நடந்தா தடிச்ச ஓடாப் பாத்துப் பொறுக்குங்க, நகை வேலை செய்யிற ஆக்கள் பழைய காலத்தில இருந்து பாவிக்கிற முறைதான் இது. நல்லாக் காய வைங்க, ஈரம் இருந்தா உருகின உலோகம் பட்டதும் ஆவி கிளம்பி முகத்தில தெறிக்கும். ரெண்டு கணவாய் ஓடு எடுத்து மெத்தையான பக்கத்தை மட்டமான சீமெந்துத் தரையில தேயுங்க, சேத்துப் பிடிச்சா நடுவால வெளிச்சம் தெரியக் கூடாது. சிரட்டையில ஒரு வட்டம் வெட்டி அதில உங்கட படத்தைச் செதுக்குங்க, அதை ரெண்டு ஓட்டுக்கும் நடுவில வச்சு உள்ளங்கையால மெதுவா அமத்தினா விரலடியில நறநறவெண்டு இறங்கும், பாதி இங்கால பாதி அங்கால பதியும். நெருப்புக்குச்சித் துண்டு ரெண்டு மூண்டு குத்தி விட்டா திரும்பச் சேக்கேக்க விலகாது. மேல புனல் மாதிரி ஒரு வாய் வெட்டி, பக்கத்தால காத்துப் போக ஊசியால மேல்நோக்கிக் கீறி விட்டு, கம்பியால கட்டி காய்ஞ்ச மண்ணுக்குள்ள நிமித்தி வைங்க.

உலோகத்துக்கு வெள்ளீயம் (டின்), இல்லாட்டி ஈயம் கலக்காத சோல்டர் கம்பி. வெள்ளீயம் 232 பாகையில உருகும், இரும்புக் கரண்டியில வீட்டு கேஸ் அடுப்பே காணும். வலைக்குப் போடுற ஈயக்குண்டு லேசாக் கிடைக்குதெண்டு அதை உருக்க வேணாம், அந்தப் புகையும் தூளும் நஞ்சு, சின்னப் பிள்ளையள் இருக்கிற வீட்டில கதையே வேணாம். கண்ணாடி, சப்பாத்து, தடிச்ச கையுறை போட்டு வெளியில வச்சுச் செய்யுங்க. மேல மிதக்கிற கசட்டை ஒதுக்கிப் போட்டு ஒரே ஊத்தில நிறுத்தாம ஊத்தோணும், கை தயங்கினா நடுவில மடிப்பு விழும். ஆறின பிறகு திறந்தா, உங்கட படத்துக்கு மேலால மரத்தின்ட ரேகை மாதிரி மெல்லிய வரி ஓடியிருக்கும், அது ஓட்டின்ட படை. அந்த வரி ரெண்டு ஓட்டில ஒரே மாதிரி வராது.

இப்ப விளிம்பைப் பாருங்க, சுத்திவர ரெண்டு ஓடும் சேந்த கோடு தெரியும். எழுத்தின்ட மூலை மழுங்கியிருக்கும், பின்புலத்தில ஊசிக் குத்து மாதிரிக் குழி இருக்கும். அச்சு வச்சு அடிச்ச காசில மூலை கூரா நிக்கும். கொழும்பு சந்தையில ஒல்லாந்தர் காசெண்டு நீட்டுறதில பல இந்த ஒரு சோதனையிலயே விழுந்திடும். அடிக்கிறது எண்டா பெரிய வேலை, இரும்பு அச்சில படத்தைத் தலைகீழாச் செதுக்கி, செப்புத் தகட்டைச் சிவக்கக் காய்ச்சி மெதுவாக்கி, லேத் கடையில உள்ள பிரெஸ்ல வச்சு அமத்தோணும், வார்ப்பு கைவந்த பிறகு பாக்கலாம்.

என்னத்தைச் செய்தாலும் ஓடுற காசைப் பாத்து அதே மாதிரிச் செய்யாதீங்க, கள்ளக்காசுக் குற்றம் தண்டனைச் சட்டக் கோவையில இருக்கு. பழைய காசின்ட நகல் செய்தா நகல் எண்டு பின்பக்கம் வெட்டி விடுங்க, நாளைக்கு வேற ஆரும் அதை வச்சு இன்னொருத்தரை ஏமாத்தக் கூடாது.

உங்கட 1818 வில்லைய நகைக்கடைத் தராசில நிறுத்துப் பாத்திட்டு ரெண்டு பக்கமும் விளிம்பும் தெரியிற மாதிரி வெயில்ல வச்சுப் படம் எடுத்துக் கீழ போடுங்க, காந்தம் ஒட்டுதா எண்டும் எழுதுங்க, வார்த்ததா அடிச்சதா எண்டு பாத்துச் சொல்றன்.