தூசித் தட்டில் வளையம் தெரிந்தால் அங்கே கோள் இருக்கிறது என்று சொல்லலாமா?

உறுதியாகச் சொல்ல முடியாது. இளம் விண்மீனைச் சுற்றியுள்ள தூசித் தட்டின் படம் வெளியானதும் ‘கோள் பிறக்கிறது’ என்று தலைப்புப் போட்டுவிடுகிறார்கள். அந்த அவசரம் எனக்கு வருத்தமாக இருக்கிறது. கோளே இல்லாமல் வளையம் உருவாகும் விதம் அவ்வளவு அழகானது.

நான் பாம்பன்காரன். தனுஷ்கோடியில் காற்றுக் காலத்தில் கருவேலம் புதரின் மறைவில் மணல் குவிந்து மேடாகும். அதற்குப் புதர் காரணம். ஆனால் அரிச்சல்முனைப் பக்கம் ஒரு குச்சிகூட இல்லாத வெளியிலும் மணல் வரிவரியாகக் கிடக்கும். காற்றில் எகிறி வரும் மணல், சின்ன மேடு கண்டால் அதன் காற்றுமுகத்தில் கூடுதலாக மோதுகிறது. மோதலில் தள்ளப்பட்ட மணல் முகட்டுக்கு ஏறுகிறது, முகடு வளர்கிறது. தொடங்கியது தன்னையே வளர்த்துக்கொள்கிறது.

தூசித் தட்டிலும் இரண்டு வழியும் உண்டு. பெரிய கோள் தன் பாதையில் வாயுவை விலக்கிப் பள்ளம் பறிக்கும். பள்ளத்தின் வெளி விளிம்பில் அழுத்தம் கூடும், தூசி அங்கே வந்து தங்கும். இது புதர் வழி.

மற்ற வழியை 2013-இல் விளாதிமிர் லைரா, மார்க் குச்னர் என்ற வானியலாளர்கள் கணினி மாதிரியில் காட்டினார்கள். விண்மீனின் புற ஊதா ஒளி தூசியில் பட்டு எலக்ட்ரான்களை வெளியேற்றுகிறது. அவை அருகிலுள்ள வாயுவைச் சூடாக்குகின்றன. சூடேறிய இடத்தில் அழுத்தம் கூடுகிறது. அழுத்தம் கூடிய இடத்தை நோக்கித் தூசி நகர்கிறது. தூசி சேரச் சேரச் சூடும் கூடும். இப்படியே கூர்மையான வளையம் விழுந்துவிடுகிறது. புற ஊதா ஒளி ஊடுருவும் அளவுக்கு மெலிந்த தட்டில், தூசியோடு ஓரளவு வாயுவும் இருந்தால் போதும். பின்னர் ஒளி தூசியைத் தள்ளும் விசையையும் சேர்த்துக் கணக்கிட்டபோது, வளைவுகளும் சுருள்களும்கூடக் கிடைத்தன.

வாயு நிறைந்து அடர்ந்த இளம் தட்டுகளுக்கு இந்த வழி பொருந்தாது; ஆனால் அங்கும் கோளில்லாமல் வளையம் உருவாக வேறு வழிகள் முன்வைக்கப்பட்டுள்ளன. ஆகவே 2014-இல் அல்மா தொலைநோக்கி எடுத்த, எச்.எல். டாரி என்ற இளம் விண்மீனின் தட்டுப் படத்தைப் பார்த்தால், அதன் ஒவ்வொரு இடைவெளியிலும் ஒரு கோளை வைத்துவிடாதீர்கள். 450 ஒளியாண்டுக்கு அப்பால், சுமார் பத்து லட்சம் வயதே ஆன தட்டு அது. பி.டி.எஸ். 70 விண்மீனின் கதை வேறு. 2018-இல் அதன் தட்டின் இடைவெளிக்குள் ஒரு கோளையே நேரடியாகப் படம் பிடித்தார்கள். அடுத்த ஆண்டு இரண்டாவது கோளும் உறுதியானது. அங்கே புதரே கண்ணில் பட்டுவிட்டது.