ஆட்டுக் குடற்புழுவுக்கு யூகலிப்டஸ் எண்ணெய் கொடுக்கலாமா?

தோட்ட லயத்துக்குப் பின்னால் நாலு செம்மறி வளர்ப்பவர் கேட்டிருக்கிறார்: யூகலிப்டஸ் எனும் கருப்பந்தைல மரம் மலையெங்கும் நிற்கிறதே, அதன் எண்ணெயையே புழுமருந்தாகக் கொடுத்தால் என்ன?

யோசனை முட்டாள்தனமானதல்ல. கிராம்பிலுள்ள யூஜெனோல், ஓமத்திலுள்ள தைமோல் போன்ற செடி எண்ணெய்ப் பொருள்கள் ஆய்வுக்கூடத் தட்டில் புழு முட்டைகளைப் பொரிக்க விடுவதில்லை. ஆனால் ஆட்டின் வயிறு கண்ணாடித் தட்டு இல்லையே! அசையிரைப்பையில், அதாவது முதல் வயிற்றில், எண்ணெய் நீர்த்துப்போகும், கொஞ்சம் சிதையும், கொஞ்சம் இரத்தத்தில் கலந்துவிடும். புழு இருக்கும் நாலாம் வயிற்றுக்குப் போய்ச் சேருவது சொற்பம். பிரேசிலில் ஒருவகை யூகலிப்டஸ் எண்ணெயை ஆடுகளுக்கே கொடுத்துப் பார்த்தபோது சாணத்தில் புழு முட்டை எண்ணிக்கை குறையத்தான் செய்தது. ஆனால் நல்ல புழுமருந்திடம் நாம் எதிர்பார்ப்பது 95 சதவீதத்துக்கு மேல் குறைவது. அந்த அளவுக்கு வரவில்லை.

இரத்தம் குடிக்கும் ஹீமோங்கஸ் புழு ஒன்று நாளுக்குச் சுமார் 0.05 மில்லிலீட்டர் உறிஞ்சும். ஆயிரம் இருந்தால் 50 மில்லிலீட்டர். குட்டி எத்தனை நாள் தாங்கும்?

கடையில் விற்கும் தைலத்தை அப்படியே வாயில் ஊற்றவே வேண்டாம். வாய் வெந்துபோகும், புரையேறினால் நுரையீரலுக்குப் போய்விடும்.

ஆட்டின் கீழ் இமையைப் புரட்டிப் பாருங்கள். உள்பக்கம் வெளுத்திருந்தால் இரத்தம் குறைந்துவிட்டது என்று அர்த்தம்; அன்றைக்கே மிருக வைத்தியரிடம் போங்கள், ஆட்டின் எடைக்குத் தகுந்த மருந்து தருவார். அப்புறம், காலைப் பனி காய்ந்த பிறகு மேயவிடுங்கள். ஈரப் புல்லில்தான் புழுக்குஞ்சு மேலே ஏறி நிற்கும்.